கணுக்கால் பிடி

மூன்றரைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது இரண்டு ஐந்து. அங்கே காலை எட்டரை தாண்டியிருக்கும், பனி விலகியிருக்காது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று மகள் சுபா கடல் தாண்டிப் படிக்கப் போகும்போது சொல்லிக்கொடுத்தாள், வெயில் காலம் வந்தால் நாலரை கழித்தால் போதும், அப்போது அரசாங்கமே கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடும் என்றாள். கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற அரசாங்கம். அதை நினைத்துப் பல நாள் சிரித்திருக்கிறேன், இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டேன், அவள் காட்டிக்கொடுத்த மாதிரியே, முகம் நடுவில் தெரிய வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. இப்போது அதில் ஒன்றும் இல்லை, வெறும் கருப்பு, கருப்புக்குள் என் தலை மட்டும் மங்கலாக. பக்கத்து வீட்டில் ஓவர்லாக் மிஷின் ஓடுகிறது. இந்தத் திருப்பூரில் நாற்பது வருஷமாக இந்தச் சத்தத்துக்குள்தான் இருக்கிறேன், காது அதைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டது, இன்றைக்கு மட்டும் ஒவ்வொரு தையலும் தனித்தனியாக விழுகிறது. மிஷின் நிற்கும்போது இன்னும் மோசம். நிற்கும்போது யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி இருக்கிறது. பேச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இப்பவே உக்காந்தாச்சா? மூணரைக்குத்தான கூப்புடுறா?" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன். "கையை எடுங்க அடியில இருந்து. மரத்துப் போகும். அப்புறம் நீவி விடு நீவி விடுன்னு என் உசுர வாங்குவீங்க." வலது கை தொடைக்கு அடியில் இருந்தது. நான் எப்போது வைத்தேன் என்று தெரியாது, எப்போதும் தெரிவதில்லை, உட்கார்ந்தால் அதுவாகப் போய் அங்கே படுத்துக்கொள்ளும், நாய் கட்டிலுக்கு அடியில் போவது மாதிரி. கல்யாணமான புதிதிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எடுத்தேன். அவள் தலை மறைந்ததும் திரும்ப அங்கேயே போய்விட்டது.

வியாழக்கிழமையிலிருந்து அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் ஏதாவது அனுப்புவாள், ரோட்டோரத்து மரம், அவள் அறை ஜன்னலில் வந்து உட்காரும் கொழுத்த புறா, அவர்கள் சாப்பிடுகிற உப்புச் சப்பில்லாத உருளைக்கிழங்கு. வெள்ளி இல்லை, இன்றைக்குச் சனிக்கிழமை, காலையிலும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பேசி அனுப்பியிருந்தாள், குரலில் அப்படி ஒரு துள்ளல், "அப்பா, வேதமுத்துவைக் கண்டுபிடிச்சிட்டேன்பா! நம்ம ஊர்லயேதான் இருக்கார், காலனியில. அவர் பேரன் மூலமா நம்பர் கிடைச்சிடுச்சு. வியாழக்கிழமை அவர்கிட்டப் பேசுறேன், சனிக்கிழமை உன்கிட்ட. ரெண்டையும் சேர்த்தாத்தான் என் ஆராய்ச்சி முழுசாகும்" என்று. நான் அதைப் பதினைந்து தடவையாவது போட்டுக் கேட்டிருப்பேன். வேதமுத்து என்ற பெயர் என் மகள் வாயிலிருந்து வருகிறது. இந்த வீட்டுக்குள் அந்தப் பெயரை நான்தான் கொண்டுவந்தேன், ஒரு கதைக்குள் கட்டிக் கொண்டுவந்தேன், கட்டுக்குள் இருந்தவன் இப்போது எழுந்து நடந்து போனை எடுத்து அலோ என்று சொல்லியிருப்பான். நடந்து. எப்படி நடந்திருப்பான். அதை நினைக்கக் கூடாது. மணி இரண்டு பதினொன்று.

அவள் என்ன படிக்கப் போயிருக்கிறாள் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது, ஐந்தாம் வகுப்போடு நின்றவன். விளையாட்டு ஒரு ஊரை, ஒரு சமுதாயத்தை எப்படி முன்னேற்றுகிறது என்று படிப்பதாம். அதற்கு ஒரு காலேஜ், அதற்கு ஒரு பட்டம், அதற்கு ஸ்காலர்ஷிப். வீட்டுச் சொந்தக்காரர் கேட்டார், "ஏன் மாயா, பொண்ணு வெளையாடப் போயிருக்கா, படிக்கப் போயிருக்கா, ஒண்ணு சொல்லு" என்று. விளையாட்டைப் படிக்கப் போயிருக்கிறாள் என்றேன். "அடப்பாவி, எங்க காலத்துல படிப்புல வெளையாடுனா முதுகு பிஞ்சிரும்" என்றார், டீக்கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் வைத்திருக்கிறேன். நான் எதையும் தொலைக்கிற ஆள் இல்லை. என் பாகத்து வயலைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட அண்ணன் சிவனாண்டி செத்து ஒன்பது வருஷமாகிறது, எழவுக்குக்கூட நான் போகவில்லை. எல்லோருக்கும் முன்னால் என்னைப் பேல் மூட்டை தூக்கத்தான் லாயக்கு என்று சொன்ன கம்பெனி சூப்பர்வைசர், அவன் முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்வேன். "உங்க நெஞ்சு ஒரு குப்பைத் தொட்டி, முனிசிபாலிட்டி வண்டி வர்றதே இல்ல" என்பாள் பேச்சி. வரவேண்டாம். அந்தத் தொட்டியில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பவன் வேதமுத்து. அவனால்தான் நான் ஊரை விட்டு வந்தேன். அவனால்தான் நாற்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்று இந்த நெஞ்சு இப்படி ஊதுகிறது, ஒரு காலத்தில் கபடியில் ஒரே மூச்சில் எதிர்க் கட்டம் முழுக்கப் பாடிச் சுற்றி வந்தவன், இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று சுவரைப் பிடிக்கிறேன். அவனால்தான். இதை இத்தனை வருஷமாக எனக்குள் சொல்லி வருகிறேன், ஒரு தடவையும் தடுக்கியதில்லை. இந்த இரண்டு நாளாகத் தடுக்குகிறது. அவனால்தான் என்று சொல்லி முடிக்கும் முன்னால் அவன் என்ன செய்தான் என்று ஒரு சின்னக் குரல் கேட்கிறது. சுபா குரல். அவள் எதையும் விடமாட்டாள், சின்ன வயதிலிருந்தே, என்ன செய்தான் அப்பா, அப்புறம் என்ன ஆச்சு அப்பா.

அப்புறம் என்ன ஆச்சு. அவளுக்குப் பத்து வயது, கோ-கோ விளையாடிவிட்டு அழுதுகொண்டு வந்தாள். மாவட்டப் போட்டிக்கு மறுநாள் போக வேண்டும். அன்றைய பயிற்சி ஆட்டத்தில் துரத்தி வந்தவள் இவள் பாவாடை நுனியைத் தொட்டிருக்கிறாள், டீச்சர் பார்க்கவில்லை, இவள் சொல்லவில்லை, இவள் பக்கம் ஜெயித்துவிட்டது. "நான் சொல்லணுமாப்பா? சொன்னா எல்லாரும் என்னைத் திட்டுவாங்கப்பா." மூக்கு ஒழுகுகிறது. அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. அப்பா கதை ஒன்று சொல்கிறேன் கேள் என்று ஆரம்பித்துவிட்டேன். எங்கள் ஊரில் மேலத்தெருவும் காலனியும் ஒரே மைதானத்தில் கபடி ஆடியதே கிடையாது, அவரவர் தெருவுக்கு அவரவர் பொங்கல், அவரவர் ஆட்டம். ஒரு வருஷம் புதிதாக வந்த பி.டி. வாத்தியார் ஆரோக்கியராஜ் பிடிவாதமாக இரண்டு தெருவையும் மோத வைத்தார். கடைசிப் பாட்டு, இரண்டு பக்கமும் இருபத்தொரு புள்ளி. காலனி வேதமுத்து பாடி வந்து என் கெண்டைக்காலைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குப் போய்விட்டான், நடுவரான வாத்தியார் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்டத்தில் ஒரு வழக்கம், நடுவர் பார்க்காவிட்டால் தொடப்பட்டவனே வலது கையை நேரே தூக்க வேண்டும், உள்ளங்கை விரித்து, தலை குனிந்து, பின் கோட்டைத் தாண்டி வெளியே போய் உட்கார வேண்டும். உன் அப்பன் நான் தூக்கினேன். ஊரே பார்த்தது. தோற்றோம். ஆனால் அன்றையிலிருந்து இரண்டு தெருவும் ஒன்றாக ஆடியது. என்று சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள், தூக்கிக் காட்டிய கையை. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அணியில் இடம் போய்விட்டது. அழவில்லை. அதற்கப்புறம் அது அவளுக்கு வழக்கமாகிவிட்டது, கண்ணாடி டம்ளரை உடைத்தாலும் துண்டுகளுக்கு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். "வந்துட்டாளய்யா அரிச்சந்திரன் பேத்தி" என்று பேச்சி துடைப்பத்தோடு வருவாள். நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே வெளியே போய் வாசலில் நிற்பேன்.

அந்தக் கதையை எழுதித்தான் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. இங்கிலீஷில் எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள், இதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு. என் அப்பா தங்கமாயன் பனியன் கம்பெனியில் சுமை தூக்குபவர். தொடுவதே குற்றமாக இருந்த ஊரில், தன்னைத் தொட்டார்கள் என்று கை தூக்கிச் சொன்னவர். அப்படி எழுதியிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். செம்பு பல்லில் இடித்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னால் ஆயிரம் தடவை சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளினால் மறுநாள் அது இன்னும் கொஞ்சம் வளர்ந்து நிற்கிறது, முதலில் முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம், இப்போது வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் நிற்கிறது, கடல் தாண்டிப் போய் அங்கே ஒரு காலேஜில் கோட்டுப் போட்ட ஆட்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறார்கள். அவள் என்னை வெறுப்பாள் என்பது பயம் இல்லை. வெறுத்துக்கொள்ளட்டும், பிள்ளைகள் எல்லாம் ஒரு நாள் வெறுக்கத்தான் செய்யும். அவள் கையைத் தூக்கிவிடுவாள். அதுதான். தெரிந்த அன்றைக்கே அங்கே இருக்கிற பேராசிரியை முன்னால் போய் நின்று, நான் எழுதியது பொய், என் அப்பா சொன்னது பொய் என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், படிப்பு போகும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் படி ஏறி வருவாள். நான் வளர்த்த பிள்ளை. எனக்குத் தெரியாதா.

மணி இரண்டு நாற்பது. இடது கெண்டைக்கால் அரிக்கிறது. மூன்று விரல் அகலம், அதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை. டாக்டரிடம் காட்டினேன், தோலில் ஒன்றும் இல்லை என்று ஒரு களிம்பு கொடுத்தான். ஒன்றும் இல்லைதான். அன்றைக்கு நல்ல வெயில், உடம்பெல்லாம் வேர்வை, வேர்வை மேல் மைதானத்து மண் அப்பிக்கொண்டு முட்டிக்குக் கீழே ஒரே செம்மண். ஆட்டத்துக்கு முன்னால் மேலத்தெருவில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். "அவனுகளத் தொட்டு வெளையாடணுமா?" என்றார் ஒரு பெரியவர். இன்னொருத்தர் நன்றாக யோசித்து வழி சொன்னார், "நாம புடிக்கலாம். புடிச்சா நாம தொட்டதா ஆகும். அவன் தொடாமப் பாத்துக்கங்க, அவ்வளவுதான்." ஆரோக்கியராஜ் வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாமா, அது கபடி இல்ல, கண்ணாமூச்சி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வழி சொன்னவரின் பேச்சு ஆட்டம் தொடங்கி முடியும்வரை என் காதுக்குள்ளேயே இருந்தது. அவன் தொடாமல் பார்த்துக்கொள். வேதமுத்து ஒல்லி, கரிக்கட்டை மாதிரி, ஆனால் பாடி வரும்போது எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவன் நிழலுக்குக்கூடத் தெரியாது. கபடி கபடி கபடி, குரல் உயராது, தாழாது, ஊற்றுத் தண்ணீர் மாதிரி ஒரே சீர். வலது பக்கம் குனிந்தான், இடது பக்கம் கை வந்தது, மூன்று விரல், கெண்டைக்காலில், வழித்துக்கொண்டு போனது. போய்க் கோட்டைத் தொட்டான். வாத்தியார் மறு பக்கம் நின்றார், அவருக்கும் எனக்கும் நடுவில் என் ஆளே நின்று மறைத்துவிட்டான். விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். கோட்டோரத்தில் அண்ணன் சிவனாண்டி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். ஒரு புள்ளி என்றால் தூக்கியிருப்பேன். சத்தியமாகத் தூக்கியிருப்பேன், வேறு ஊர் ஆட்டங்களில் எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறேன். தூக்கினால் புள்ளி போகும் என்பது இல்லை, தூக்கினால் இவன் என்னைத் தொட்டுவிட்டான் என்று என் தெரு முன்னால் நானே அறிவிப்பது. கை தொடையோடு ஒட்டிக்கொண்டது. ஆணி அடித்த மாதிரி. தொடவில்லை என்றேன். என் குரல்தான். வேதமுத்து மூச்சு வாங்கிக்கொண்டே வந்தான், "அண்ணே, தொட்டேண்ணே. உங்க காலைப் பாருங்கண்ணே, என் வெரல் தடம் இருக்கு." குனிந்து பார்த்தேன். செம்மண்ணில் மூன்று கோடு, தோல் தெரிய, சுத்தமாக. வாத்தியார் நடந்து வந்துகொண்டிருந்தார். நான் வலது பாதத்தைத் தூக்கி இடது கெண்டைக்காலில் தேய்த்தேன், கொசு கடித்தவன் மாதிரி. கோடு போய்விட்டது. அவன் மட்டும்தான் பார்த்தான். சத்தம்கூடப் போடவில்லை. "அழிச்சிட்டீங்களேண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கப்புறம் ஒருவன் ஒருவனைத் தள்ள, கல் பறக்க, ஆட்டம் கலைந்துவிட்டது. எத்தனையோ பேர் எத்தனையோ கெட்ட வார்த்தை சொன்னார்கள் அன்றைக்கு, ஒன்றும் ஞாபகம் இல்லை. இந்த ஒன்று மட்டும், நாற்பது வருஷமாக, அண்ணே என்ற மரியாதையோடு.

தொட்டானா இல்லையா என்பது சின்னக் கேள்வி. அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறது. முதல் கேள்விக்குக் கதவைத் திறந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே வரும். நான் அங்கே போகவில்லை. பேச்சி மோர் கொண்டுவந்து வைத்தாள். "மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? பொண்ணு பேசப் போறா, சிரிச்ச மாதிரி உக்காருங்க." மோரில் பெருங்காய வாசனை. வாய்க்கால் மடையில் பாசி வாசனை இருக்கும். வேண்டாம். மிஷின் நின்றுவிட்டது. நூல் மாற்றுகிறார்கள் போல. ஏன் இவ்வளவு நேரம், ஒரு நூல் மாற்ற இவ்வளவு நேரமா. எங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு, கணுக்கால் மாயன். பாடி வருகிறவன் கால் தரையில் படுகிற அந்த ஒரு கண் சிமிட்டலில் குனிந்து கணுக்காலை இரண்டு கையாலும் கவ்வி மார்போடு சேர்த்துவிட்டேன் என்றால் காளை மாடு என்றாலும் உதற முடியாது. சுபா அதை ஒரு தனி அத்தியாயமாகவே எழுதப் போகிறாளாம், கணுக்கால் பிடி, நம் பக்கத்துத் திறமை. படம் வரைந்து விளக்கச் சொல்லியிருக்கிறாள். நான் அந்தப் பிடியைக் கடைசியாகப் பிடித்தது மைதானத்தில் இல்லை. சொல்லிவிட்டேன். இல்லை, சொல்லவில்லை, நினைக்கத்தான் செய்தேன். அன்று சாயங்காலம், பொழுது இறங்கும் நேரம், மடையில் அவன் தனியாக உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணன், அண்ணனோடு இரண்டு பேர், நான். எச்சரித்துவிட்டு வருவதாகத்தான் பேச்சு. "புடிடா" என்றான் அண்ணன். யோசிக்க நேரம் இருந்தது. இல்லை என்று எவ்வளவோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறேன், இருந்தது, ஒரு ஆள் குனிய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இருந்தது. குனிந்தேன். கவ்வினேன். கணுக்கால் ஈரமாக, குளிர்ச்சியாக, உள்ளே நரம்பு துடிக்க. மார்போடு சேர்த்தேன். அண்ணன் மடைக் கல்லைத் தூக்கினான். வேதமுத்து கத்தவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான், கோட்டைத் தொட இன்னும் தூரம் இருப்பவன் மாதிரி. எலும்பு உடைந்த அந்தச் சத்தம் என் மார்பில்தான் கேட்டது, காதில் இல்லை. போலீஸ் வந்து கேட்டபோது வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னானாம். காலனியில் பாதிப் பேருக்கு எங்கள் தெரு வயலில்தான் வேலை, வேறு என்ன சொல்வான். நான் அந்த வாரமே பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் வலது கை கணுக்காலைக் கவ்வின மாதிரியே மடங்கி இருந்தது, பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறான் என்று தொடைக்கு அடியில் வைத்தேன்.

மூன்று இருபது. மூன்று இருபத்தைந்து. அவன் சொல்லியிருப்பான். நாற்பது வருஷம் காத்திருந்தவன், கடல் தாண்டி ஒருத்தி கேட்கிறாள், அதுவும் யார், என் மகள். நானாக இருந்தால் சொல்லுவேன். ஒன்று விடாமல், கல் எந்தப் பக்கம் உருண்டது என்பதுவரை சொல்லியிருப்பேன். அதனால்தான் இரண்டு நாளாகப் புறா படம்கூட இல்லை. டப்பாவில் சாய்ந்திருந்த கருப்பு திடீரென்று வெளிச்சமாகி நடுங்கியது, மோர் டம்ளரைத் தட்டிவிட்டேன், சுபா முகம் வந்தது, பின்னால் வெள்ளைச் சுவர், கழுத்தில் மப்ளர். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள். 

"அப்பா, கேக்குதா? சாரிப்பா, ரெண்டு நாளா சரியான காய்ச்சல், படுத்துட்டேன். அம்மாகிட்டச் சொல்லிடாத, கஷாயம் கஷாயம்னு உயிரை எடுத்துடும்." மூக்கை உறிஞ்சினாள். காய்ச்சல். வெறும் காய்ச்சல். எனக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து இருமலாக மாறியது. "இருப்பா, நிதானமா மூச்சு விடு. ரெக்கார்டு போட்டுட்டேன், ஆனா முதல்ல நீ ஒண்ணு கேக்கணும். நீ சொன்ன கதையைச் சொல்லி நடந்ததான்னு கேட்டேன். வேதமுத்து பெரியப்பா பேசினதுல கொஞ்சம் போடுறேன்" என்றாள். பெரியப்பா என்றாள். அவன் குரல் வந்தது. வயதாகியிருந்தது, ஆனால் அதேதான், உயராமல், தாழாமல், ஒரே சீர். "ஆமாம்மா. தொட்டேன். வாத்தியார் பாக்கல. உங்கப்பாதான் கையத் தூக்கிட்டு வெளிய போனாரு. ஊரே பாத்துச்சு." பிறகு ஒரு கட்டில் கிரீச்சிட்டது, யாரோ கால் மாற்றிப் போட்ட மாதிரி. "நாப்பது வருசமாச்சு. அப்பத் தூக்குன கைய இன்னும் எறக்கியிருக்க மாட்டாரு. வலிக்கும்மா. எறக்கிக்கச் சொல்லுங்க." ரெக்கார்டுக்குள் சுபா சிரித்தாள். போனில் இருக்கிற சுபாவும் சிரித்தாள். "எப்படிப் பேசுறார் பாத்தியா? எனக்கு அப்படியே சிலிர்த்துடுச்சுப்பா. நீ சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை மாறாம."

மாறாமல். அவன் எனக்காகச் சொல்லும் இரண்டாவது பொய் இது. பயமா. இன்றைக்கும் மேலத்தெருக்காரன் மகள் கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்ற பயமா, இல்லை பெரிய மனசா, இல்லை இந்தப் பிள்ளைக்குப் பாவம் என்றா. எதுவாக இருந்தாலும் பொறுக்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அவனால்தான் என்று இன்னும் இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது அதுவும் இல்லை. நான் தப்பித்துவிட்டேன். பேசாமல் தலையை ஆட்டினால் போதும், அவள் படிப்பு முடியும், பட்டம் வரும், அந்தக் கதை அச்சில் ஏறி எனக்கும் அவனுக்கும் அப்புறமும் இருக்கும். தலையை ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

"அப்பா, இன்னொண்ணு. அவர் எழுந்து தண்ணி குடிக்கப் போனார், வீடியோவுல பாத்தேன், ஒரு காலைத் தரையில இழுத்து இழுத்து நடக்குறார். பாதம் திரும்பி இருக்கு. என்ன ஆச்சு பெரியப்பான்னு கேட்டேன். டம்ளரைக் கீழ வெச்சார். அப்புறம், அது உங்கப்பாவுக்குத்தான் தெரியும், அவர்கிட்டயே கேட்டுக்கங்கன்னுட்டார்." அவள் கன்னத்தில் கை வைத்து முன்னால் குனிந்தாள், கதை கேட்கப் போகும் பத்து வயதுப் பிள்ளை மாதிரி. "சொல்லுப்பா. அப்புறம் என்ன ஆச்சு?"

வலது பக்கம் குனிந்து இடது பக்கம் தொட்டுவிட்டான். தொட்டுவிட்டுக் கோட்டுக்கும் போய்விட்டான், ஊரில், தன் கட்டிலில், தன் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறான். மைதானத்தில் நான் மட்டும் நிற்கிறேன். இடது கெண்டைக்கால் எரிந்தது. வலது பாதம் தேய்ப்பதற்காகத் தானாக எழுந்தது, தரையில் அழுத்தி வைத்தேன். அவரே எங்கேயோ விழுந்தார் என்று சொல்லலாம். வாய் திறந்தது, இருமல்தான் வந்தது. "அப்பா? என்னப்பா, உடம்பு சரியில்லையா? அம்மாவைக் கூப்பிடு" என்றாள். அடுப்படியில் பேச்சியின் பாத்திரச் சத்தம் நின்றது. தொடைக்கு அடியிலிருந்து கையை உருவினேன். மரத்துப் போயிருந்தது, என்னுடையது மாதிரியே இல்லை, இடது கையால் முழங்கையைத் தாங்கித்தான் தூக்க வேண்டியிருந்தது. தோளுக்கு மேலே, காதுக்கு மேலே, தலைக்கு மேலே. விரல்களை விரித்தேன். தலையைக் குனிந்தேன்.

குனிவதற்கு முன்னால் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தேன். "ஏம்ப்பா கையை..." என்று சிரித்துக்கொண்டே தொடங்கியவள் பாதியில் நின்றாள். கன்னத்திலிருந்த கை மெதுவாக இறங்கியது. அவளுக்கு இந்தச் சைகை தெரியும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.